மூன்றாவது கோடு

பாலிநகர் தாண்டினதும் சத்தம் தொடங்கியது.
டக்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு டக்.

சில்லில் பிழையென்றால் சுற்றுக்கு ஒருதரம் கேட்கும்.
இது இரண்டரைச் சுற்றுக்கு ஒருதரம்.
எண்ணிக்கொண்டே ஓடினேன்.
இரு பக்கமும் இருபது லீற்றர்க் கான்.
கனகேந்திரத்தின் ஏழு லீற்றர் அதில் இல்லை.
விடிய அவர் பாலில் குழலை விட
இருபத்துநாலில் நின்றது. திருப்பிவிட்டேன்.
“உந்தக் குழல் பொய் சொல்லுது பிள்ளை.”
“கோடு பொய் சொல்லாது அண்ணை.”

ஹாண்டில் தன்பாட்டில் இடப்பக்கம் போகப் பார்த்தது
கொட்டிலைக் கண்ட மாடு மாதிரி.

குளக்கட்டு வளைவில் செயின் கழன்றது.

மல்லாவியில் ஒன்பதரைக்குப் பூட்டுவார்கள்.
அதற்குப் பிறகு வந்த பால்
அவர்களுக்குப் பால் இல்லை.
கான்களை வாய்க்காலில் கழுத்தளவு இறக்கிவிட்டு
பாலைமர நிழலில் ஸ்ராண்ட் போட்டேன்.

முதலில் கோடுகளைப் பார்த்தேன்.
அச்சின் இடப்பக்கம் மூன்றாவது கோடு.
வலப்பக்கமும் மூன்றாவது.
ஒன்றரை வருசமாக
எல்லாம் சரி என்று சொல்லிவரும் மூன்று.

ஆனால் ரயர் ஒரு விளிம்பில் மட்டும் மொட்டை.
பற்சில்லின் பற்கள் உட்பக்கம் மினுங்கின,
ஒரு பக்கத்தாலேயே வெற்றிலை மெல்லுகிறவரின்
கடைவாய் போல.

கான்மூடி கட்டுகிற தங்கூசி இருந்தது.
கவர்க்கம்பு தொடங்கும் ஆணியில் ஒரு நுனியை முடிந்து
வலப்பக்க அச்சின் நடுமட்டும் இழுத்து
அந்த இடத்தில் ஒரு முடிச்சு.
அதே நூலை இடப்பக்கம் கொண்டுவந்தேன்.
முடிச்சு அச்சைத் தாண்டி நின்றது,
ஒரு நெல்லின் நீளம்.

திரும்பவும் இழுத்தேன்.
அதே நெல்.

கவர்க்கம்பின் அடியைத் தடவினேன்.
கறுப்புப் பெயின்ற்றுக்குள்
ஒரு வெல்டிங் ஒட்டு விரலில் தடக்கியது.
வண்டிப் புத்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர்.
பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது.
யார், எங்கே, எதில் மோதியது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

நட்டை இளக்கி
இடப்பக்கத்தை மட்டும் பின்னுக்கு எடுத்தேன்.
அரைச் சுற்று. நூல். கால் சுற்று. நூல்.
இப்போது இடம் நான்கு, வலம் மூன்று.
பார்த்தால் கோணல்.
அளந்தால் நேர்.

செயினை மாட்டிச் சில்லைக் கையால் உருட்டினேன்.
ஓரிடத்தில் இரண்டு விரல் தொய்வு,
ஓரிடத்தில் ஒரு விரலும் இல்லை.
டக் குடியிருந்த இடம் அது.
இறுகின இடத்தில் வைத்துத்தான் அளக்கவேணும்,
தொய்ந்த இடத்தை நம்பினால் மற்றது அறும்.
அதிலும் ஆள் ஏறினால் இன்னும் இறுகும்.
ஏற ஆளில்லை.
கட்டில் இரண்டு கொக்கு, ஒரு நாய்.

பிறகு சைக்கிளில் கனகேந்திரம் வந்தார்.
கரியரில் அந்த ஏழு லீற்றர்
அப்படியே தளம்பிக்கொண்டு.

“ஒருக்கா ஏறி இருங்கோ அண்ணை.”

ஒன்றும் கேட்காமல் ஏறி இருந்தார்.
கோவம் உள்ள மனுசன், நல்ல பாரம்.
கீழே குந்தி விரலால் செயினைத் தூக்கினேன்.
ஒன்றரை விரல். போதும்.

நட்டை இறுக்கும்போதுதான் சில்லு களவாக நகரும்.
செயினுக்கும் பற்சில்லுக்கும் நடுவில்
ஸ்க்ரூட்றைவர் பிடியைச் செருகி
அச்சு அசையாமல் நெரித்துக்கொண்டு இறுக்கினேன்.
நூலை இன்னொருதரம் பிடித்தேன். நேர்.

“எதாலை பிள்ளை அளந்தனீ?”
“தங்கூசியாலை.”
அவர் குனிந்து பார்த்தார்.
இடப்பக்கம். வலப்பக்கம்.
“அப்ப, கோட்டாலை இல்லை.”

கான்களைத் தூக்கிக் கொழுவித் தந்தார்.
தன் பாலை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஒன்பது பத்து.
மல்லாவி மட்டும் ஒரு டக் இல்லை,
ஹாண்டில் நேரே போனது,
எனக்குத்தான் ஒரு பக்கம் இழுத்தது.

பின்னேரம் செம்பில் தண்ணீர் வார்த்து
குழலை மெல்ல விட்டிருக்கிறேன்.
வெறும் தண்ணீரில் அது பூச்சியத்தில் நிற்கவேணும்.
இன்னும் ஆடுகிறது.
கிறீஸ் போகாத கையை முழங்காலில் ஊன்றி
கண்ணைக் கோட்டு மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு
அடங்கட்டும் என்று நிற்கிறேன்.